நூற்றுக்குப் பத்து

“நிருஷனை இறங்க விடாதேங்கோ! வண்டியோடை அப்படியே தராசிலை ஏத்துங்கோ!”

தக்சாயினி இதைக் கத்தித்தான் சொன்னாள். கத்தாவிட்டால் ஒன்றும் கேட்காத இடம் அது. கொடிகாமத்துக்குத் தெற்கே வயல்வெளியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் புதுத் தார் வீதியின் இரு கரையிலும் ஐந்நூறு, அறுநூறு பேர் வெயிலில் நின்றார்கள். நானூறு மீட்டரை ஓடி முடித்துத் திரும்பி வந்த இரண்டு மோட்டார் சைக்கிள்களும் இன்னும் உறுமிக்கொண்டிருந்தன. “வெற்றி வீரன்...” என்று தொடங்கிய அறிவிப்பாளர், திறந்த வாயை மூடாமல் அவளைப் பார்த்தார்.

கேட்கவே கூடாது என்று சொல்லி வைத்ததை அவள் கேட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் அந்த விதியை எழுதியவளே அவள்தான். ‘150 சீசீ வகுப்பில் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 185 கிலோவுக்குக் குறையக் கூடாது. இறுதி ஓட்டம் முடிந்தவுடன் முதல் இருவரும் மீண்டும் நிறுக்கப்பட வேண்டும்.’ போன வருடம் பாரம் குறைக்கிறேன் என்று முன்பிரேக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்து ஓடிய கஜீபன், நிறுத்த முடியாமல் மதகுக் கட்டில் மோதி, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தான். அதன் பிறகு வந்த விதி அது. போட்டியை நடத்தும் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தலைவர் பஞ்சலிங்கம் வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

“வடிவாய் எழுதியிருக்கிறியள், தங்கச்சி. சம்மேளனத்துக்குக் காட்ட நல்லாயிருக்கும். ஆனா ஓடி முடிஞ்சாப் பிறகு எங்கடை பெடியனை நிறுக்கச் சொல்லிக் கேக்கப்படாது, சரியோ? வெண்டவனைத் தராசிலை ஏத்திறது அவமானம்.”

அவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நினைத்து இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தாள்.

இன்று காலையில் இருந்தே அவளுக்கு ஒன்று இடித்துக்கொண்டிருந்தது. இந்த வகுப்பில் பத்து வண்டிகள். ஒன்பது வண்டிகளில் மணல் பை கட்டியிருந்தது. நிறை போதாது என்று தராசடியில் சொன்னார்களாம். வயல் வரம்பில் மண் அள்ளிப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். பை கட்டாத ஒரே வண்டி சங்கத்தின் வண்டி. அதை ஓட்டியவன் நிருஷன். ஆளும் மெலிவு, வண்டியும் மெலிவு. அப்படியிருக்க நிறைத்தாளில் மட்டும் அவன் 186 எப்படி?

தராசடியில் தான் நிற்கிறேன் என்று காலையில் அவள் கேட்டுப் பார்த்தாள். “உங்களை மாதிரிப் படிச்ச ஆக்கள் பிரேக்கைப் பாருங்கோ. நிறுக்கிறதுக்கு முத்துக்குமாரு இருக்கிறான், முப்பது வருசம் நிறுத்தவன்” என்று பஞ்சலிங்கம் அவளை மறுகரைக்கு அனுப்பிவிட்டார்.

நிருஷனின் கூட்டாளி ஒருவன் பெரிய தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தான். தக்சாயினி குறுக்கே போய் அதைப் பறித்தாள்.

“என்னக்கா, தண்ணியும் குடிக்கேலாதோ?”

“ஒண்டரை லீட்டர் ஒண்டரைக் கிலோ. நிறுத்தாப் பிறகு குடிக்கட்டும்.”

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், “ரீச்சர், என்னையும் ஒருக்கா நிறுங்கோ! மனிசி நான் மெலிஞ்சிட்டன் எண்டு அழுகிறாள்!” என்றது. சிரிப்பு வீதி நெடுகப் பரவியது.

அவள் பள்ளிக்கூட ரீச்சர் இல்லை. பொறியியல் தொழில்நுட்பம் படித்தவள். அவளுடைய குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். படித்துவிட்டு ரீச்சராகப் போகாமல் மோட்டார் சைக்கிள்காரரோடு நிற்கிறாள் என்று ஊர் அவளை ஏற்கெனவே கோபித்துக்கொண்டிருந்தது. மோட்டார் ஓட்டச் சம்மேளனத்தின் தொழில்நுட்ப அலுவலர் சான்றிதழ் வடக்கிலே அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. அவள் கையெழுத்து விழாமல் எந்த நிறைத்தாளும் செல்லாது. அடுத்த மாதம் நடக்கும் அகில இலங்கைப் போட்டிக்கு இங்கிருந்து ஒரேயொருவர்தான் போகலாம். அது யார் என்று இந்த ஓட்டத்தில் முடிவாகும்.

நிருஷன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வண்டியைத் தராசு மேடையில் உருட்டி ஏற்றினான். கண்ணாடிக்குள் அவன் கண் சிவந்திருந்தது.

“அக்கா, நான் என்ன பிழை விட்டனான்?”

“தெரியாது. ஆடாமல் இரும்.”

சந்தையிலிருந்து லொறியில் ஏற்றி வந்த மேடைத் தராசு அது. பஞ்சலிங்கம் குத்தகைக்கு எடுத்திருக்கும் சந்தை. இலக்கம் எரியும் பெட்டி நிறுப்பவரின் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். நிற்பவர்கள் அவர் சொல்வதைக் கேட்பார்கள், அவ்வளவுதான். முத்துக்குமாரு மூக்குக் கண்ணாடியை உயர்த்தி அதைப் பார்த்தார். சந்தையின் ஒரு முனையில் அவர் சொன்னால் மறுமுனையில் எழுதுவார்கள். அந்தக் குரல்.

“நூற்றி எண்பத்தைஞ்சு, ஆறு!”

தக்சாயினி குனிந்து தன் கண்ணாலேயே பார்த்தாள். 185.6. சரியான நிறை.

கூட்டம் வெடித்தது. விசில், கூக்குரல், யாரோ தகரத்தில் தட்டினார்கள். “ரீச்சருக்குக் கணக்குப் பிழைச்சுப் போச்சு!” அவளுக்குக் காது இரண்டும் எரிந்தன. இரண்டு மாதமாய்ப் பூட்டி வைத்த கோபம் ஆள் மாறிப் போய் விழுந்துவிட்டது. நிருஷன் கள்ளன் இல்லை. ஐந்நூறு பேருக்கு முன்னால் அவனைக் கள்ளனாக்கப் பார்த்தவள் அவள்தான்.

பஞ்சலிங்கம் வெள்ளைச் சேட்டோடு ஆறுதலாக நடந்து வந்தார். அவருக்கு அவசரமே இல்லை.

“இப்ப மனம் ஆறிச்சுதோ, தங்கச்சி? பெடியனிட்டை ஒரு மன்னிப்பைக் கேட்டிட்டுக் கையெழுத்தை வையுங்கோ. பொலிஸ் பகல் ஒரு மணிவரைக்குந்தான் வீதி தந்தது.”

“கேக்கிறன்” என்றாள். நிருஷன் பக்கம் திரும்பினாள். “நிருஷன், உம்மிலை பிழையில்லை. நான் சந்தேகப்பட்டது பிழை.” பிறகு பஞ்சலிங்கத்திடம், “விதியிலை முதல் ரெண்டு பேரும் எண்டு கிடக்கு. ஜெயனியையும் ஏத்தோணும்.”

“தோத்த பிள்ளையை ஏன் வெயிலுக்கை வைச்சு வதைக்கிறியள்?”

“தோத்தாலும் விதி விதிதானே.”

அப்போதும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பாதியில் விட்டுவிட்டுப் போனால் ‘சங்கத்துப் பெடியனை மட்டும் பிடிச்சவள்’ என்று பெயர் வரும் என்ற ரோசம்தான் அவளைப் பேச வைத்தது.

ஜெயனி குருநகர்ப் பெட்டை. நாற்பத்தெட்டுக் கிலோ இருப்பாள். தகப்பன் சந்தியோகுவின் வலையில் தொங்கும் ஈயக் குண்டுகளைக் கோத்து இடுப்புப் பட்டியில் தைத்திருந்தாள். போதாததற்குச் சீற்றுக்குக் கீழே ஒரு பை நிறைய ஈயம். அதற்குப் பக்கத்தில் காலையில் கட்டின மணல். நிருஷன் 16.41 செக்கன். அவள் 16.48. ஒரு செக்கனின் நூறில் ஏழு பங்கு அவளை வென்றிருந்தது. அழுதாளோ வியர்த்தாளோ, முகம் முழுக்க ஈரம்.

வண்டி மேடையில் ஏறியது. முத்துக்குமாரு வாயைத் திறக்குமுன் தக்சாயினி இலக்கப் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள்.

196.2.

நிறைத்தாளைப் பார்த்தாள். ஜெயனி, காலை நிறை: 186.

திரும்பவும் பார்த்தாள். கை தானாகவே தராசைத் தட்டியது. இலக்கம் ஆடிவிட்டு அதே இடத்தில் நின்றது.

“முத்துக்குமாரு அண்ணை, காலமை இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சொன்னனியள்?”

“நூற்றி எண்பத்தாறு.”

“இப்ப நூற்றித் தொண்ணூற்றாறு காட்டுது.”

“ஓம், அது மொத்தம்.” அவருடைய குரலில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. “நான் சொன்னது கழிவு போக.”

அறிவிப்பாளர் பக்கத்தில்தான் நின்றார். அவர் கையிலிருந்த மைக் திறந்தே இருந்தது. ‘கழிவு போக’ என்ற இரண்டு சொல்லும் நான்கு ஒலிபெருக்கியாலும் வீதி நெடுக ஓடி, வயலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தன.

அங்கே நின்ற முக்கால்வாசிப் பேரும் தோட்டக்காரர். அந்தச் சொல்லின் பொருளை யாரும் அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டு போனால் தொண்ணூறு என்று எழுதுவார்கள். அழுகல், காம்பு, ஈரம் என்று பத்துக் கிலோ கழிவு. அழுகல் இருந்தாலும் கழிவு, இல்லாவிட்டாலும் கழிவு. பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“அண்ணை, மோட்டச்சைக்கிளிலை எதண்ணை அழுகிறது?”

சிரிப்பு அலையாய் எழும்பியது. முத்துக்குமாருவுக்கு அது பகிடியாகப் படவில்லை.

“டயரிலை மண் ஒட்டியிருக்குமெல்லே? எரிபொருள் முடியுமெல்லே? நூற்றுக்குப் பத்து வழமைதானே, பிள்ளை. முழு நூறுக்கு மட்டுந்தான் கழிச்சனான். மிச்சம் தொண்ணூற்றாறிலை கை வைக்கேல்லை.” பெரிய தயவு செய்தவர் போல நிமிர்ந்து நின்றார்.

“எல்லாருக்கும் கழிச்சனியளோ?”

“வெளியாக்களுக்குக் கழிச்சன். சங்கத்தின்ரை வண்டிக்குக் கழிக்கேல்லை. சங்கத்தாக்களின்ரை சாமானுக்கு ஆரும் கழிவு எடுக்கிறவையோ? சந்தையிலையும் அப்படித்தானே.”

ஒன்பது வண்டிகள். ஒவ்வொன்றிலும் பத்துக் கிலோ மண். தக்சாயினிக்குத் தலைக்குள் கணக்குத் தானாகவே ஓடியது. பத்துக் கிலோ குறைந்தால் இந்த வகுப்பு வண்டி நானூறு மீட்டரில் கால் செக்கனாவது முந்தும். ஜெயனி தோற்றது நூறில் ஏழால்.

ஒருவன் தன் வண்டியில் கட்டியிருந்த மணல் பையை அவிழ்த்து வீதியில் போட்டான். தொப்பென்று விழுந்தது. அடுத்தவனும் போட்டான். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

“மைக்கை நிப்பாட்டு!” என்று பஞ்சலிங்கம் சொன்னார். அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் அவள் கேட்டாள்.

நிருஷன் தலைக்கவசத்தைக் கழற்றினான். “தலைவர், நான் திரும்ப ஓடுறன். அவ அந்த மண்ணை இறக்கிப்போட்டு வரட்டும். ஒரு நிமிசத்து வேலை.”

“நீ போய் அங்காலை நில்!”

கூடாரத்துக்குள் நான்கு கதிரை, ஒரு மேசை, மேசையில் வெற்றிக் கிண்ணம். பஞ்சலிங்கம் திரைச் சீலையை இழுத்துவிட்டார். வெளியே கூட்டத்தின் இரைச்சல் கொதிக்கும் உலை மாதிரிக் கேட்டது. ஜெயனியும் கேட்காமலே உள்ளே வந்து ஓரத்தில் நின்றாள். இடுப்பு ஈயத்தை அவள் இன்னும் கழற்றவில்லை.

பஞ்சலிங்கம் நிறைத்தாளை மேசையில் வைத்து, பேனையை அதன் மேலே வைத்தார்.

“தங்கச்சி, ஆறுதலாய் யோசியுங்கோ. உங்கடை விதி என்ன சொல்லுது? குறையக் கூடாது. கூடக் கூடாது எண்டு எங்கையும் எழுதியிருக்கிறியளோ? நிருஷன் குறையேல்லை. ஜெயனி கூட. ரெண்டும் விதிக்குள்ளைதான். முடிவு முடிவுதான்.”

அவர் சொன்னது சரி. எழுத்துக்கு எழுத்து சரி. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கூட்டினது அவ இல்லை. நீங்கள். பத்துக் கிலோ மண்ணை அவவின்ரை தலையிலை கட்டி ஓடவிட்டது உங்கடை தராசு.”

“சரி, தராசு. அதைத்தானே நானும் சொல்லுறன். தராசு பிழை. மிசின் பிழை எண்டு மைக்கிலை ஒரு வசனம் சொல்லுங்கோ. படிச்ச பிள்ளை சொன்னாச் சனம் கேக்கும்.”

“மிசின் சரி. சதம் பிசகாமல் காட்டினது.”

“அப்ப முத்துக்குமாருவுக்குக் கண் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ.”

“அவருக்கு என்னை விட நல்லாய்க் கண் தெரியுது. திருப்பி ஓட விடுங்கோ. இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு.”

பஞ்சலிங்கம் கதிரையில் இருந்தார். நெற்றியைத் துடைத்தார். இந்த மனிசனுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. இந்த வருடத் தொடக்கத்தில் சந்தை வாசலில் ‘இங்கு கழிவு எடுக்கப்படுவதில்லை’ என்று பெரிய பலகை தொங்கவிட்டவர் அவர்தான். திரும்ப ஓடவிட்டால் கழிவு எடுத்ததை அவரே வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் வெளியே நிற்கிற சனம் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்காது. தங்கள் கத்தரிக்காயைப் பற்றிக் கேட்கும்.

“உங்கடை அப்பா நாளைக்கும் கத்தரிக்காயோடை எங்கடை சந்தைக்குத்தானே வாறவர்?” என்றார், மிக மெதுவாக. “நல்ல மனிசன். ஒரு நாளும் வாய் காட்டாதவர்.”

வாய் காட்டாதவர்தான். அவள் சாதாரண தர வகுப்பில் கணிதத்துக்குத் தொண்ணூறு புள்ளி எடுத்து வந்த தவணையில், “அப்ப நீ நூறு எடுத்திருக்கிறாய், பத்துக் கழிவு போயிருக்கு” என்று சொல்லிச் சிரித்தவர். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பை மட்டும் அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு மனிசனின் நாக்குக்குள்ளேயே போய் இருந்துகொண்டு அவனைக் கொண்டே அவனைக் குறைத்துச் சொல்ல வைக்கிற சொல் அது. முத்துக்குமாரு பொய் சொல்லவில்லை. அவருக்கு நிறை என்றாலே அதுதான்.

“அப்பாவை ஏன் இழுக்கிறியள்?”

“இழுக்கேல்லை. நினைவுபடுத்தினன்.”

ஜெயனி ஓரத்திலிருந்து வாய் திறந்தாள். “அக்கா, எனக்கு ஆரும் கிண்ணம் தர வேண்டாம். சரியான நிறையோடை ஒருக்கா ஓட விடச் சொல்லுங்கோ. பிறகும் தோத்தா நான் பேசாமல் போறன்.”

“கேட்டியளோ?” என்றாள் தக்சாயினி.

“நேரமில்லை” என்றார் பஞ்சலிங்கம். மணிக்கூட்டைப் பார்க்கக்கூட இல்லை.

தக்சாயினி பேனையை எடுத்தாள். பஞ்சலிங்கத்தின் முகம் தளர்ந்தது. அவள் எழுதத் தொடங்கியதும் திரும்ப இறுகியது. கையெழுத்துக்கு அவ்வளவு நேரம் எடுக்காது.

‘காலை நிறையில் ஒன்பது வெளிப் போட்டியாளர்களிடமிருந்து பத்துக் கிலோ வீதம் கழிவு எடுக்கப்பட்டுள்ளது. சங்க வண்டியிடம் எடுக்கப்படவில்லை. நிருஷன், ஜெயனி இருவரிலும் பிழை இல்லை. எல்லோரையும் ஒரே முறையில் நிறுக்க வேண்டும் என்ற விதி 14 இன்படி இந்த வகுப்பின் ஓட்டங்கள் செல்லாது. ஏழு நாட்களுக்குள், சம்மேளன அலுவலர் முன்னிலையில், வேறு தராசில் நிறுத்து மீண்டும் ஓட வேண்டும்.’

கழிவு என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு கிழித்தாள். கையெழுத்து வைத்தாள். திகதி போட்டாள்.

“உந்தத் தாளைக் கிழியுங்கோ” என்றார் பஞ்சலிங்கம்.

“ஏலாது.”

“உதை அனுப்பினா இந்தச் சங்கத்திலை உங்களுக்கு இடமில்லை.”

“அதையும் எழுதட்டோ? இன்னும் ரெண்டு வரிக்கு இடம் கிடக்கு.”

“நாங்கள் உங்களை மதிச்சு வைச்சிருந்தம், தங்கச்சி. ஒரு பெம்பிளைப் பிள்ளைக்கு இந்தப் பதவியை வேறை எந்தச் சங்கம் குடுக்கும்?”

“மதிச்சியள். கழிவு போக.”

கைத்தொலைபேசியை எடுத்துத் தாளைப் படம் பிடித்தாள். சம்மேளனச் செயலாளரின் இலக்கத்துக்கு அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டார் என்று நீலக் கோடு விழும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பஞ்சலிங்கம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அவர் தாளைப் பறிப்பார் என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் பறிக்கவில்லை. இனிப் பறித்தும் பயனில்லை என்று கணக்குத் தெரிந்த மனிசன்.

கார்பனில் பதிந்திருந்த அடித்தாளைக் கிழித்து ஜெயனியின் கையில் கொடுத்தாள். “வைச்சுக்கொள்ளும். ஆர் கேட்டாலும் காட்டும். ஒருத்தரிட்டையும் குடுக்காதையும்.”

“வெல்லுவனோ அக்கா?”

“தெரியாது. நிருஷனும் நல்லாய் ஓடுறான்.”

சீலையை விலக்கி வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. வாசலில் முத்துக்குமாரு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“பிள்ளை, நான் வேணுமெண்டு செய்யேல்லை. வழமையாய்ச் செய்யிற மாதிரித்தான்...”

“தெரியும், அண்ணை. அதுதான் எனக்குக் கோவம்.”

கூட்டம் அவளுக்கு வழி விட்டது. ரீச்சர் என்று ஒருவரும் கூப்பிடவில்லை. சிலர் ஏதோ கேட்டார்கள், அவள் நிற்கவில்லை. நடந்தபடியே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அப்பா, நாளைக்குக் கத்தரிக்காயைப் பிடுங்குங்கோ. ஆனா சந்தைக்குக் கொண்டு போகாதேங்கோ. நான் வேறை சந்தைக்குக் கொண்டு போறன்.”

“உனக்கென்ன விசரே? அடுத்த சந்தை பன்ரண்டு மைலெல்லோ!”

“ஓம்.”

“அங்கை மட்டும் கழிவு எடுக்க மாட்டினமோ?”

“எடுக்கட்டும் பாப்பம். நான்தானே நிக்கப் போறன்.”

மறுபக்கத்தில் அப்பா வேறு ஏதோ சொல்லத் தொடங்கினார். பின்னால் கூடாரத்திலிருந்து பஞ்சலிங்கம் “தக்சாயினி! தக்சாயினி!” என்று கூப்பிடுவதும் கேட்டது. வீதியின் குறுக்கே பொலிஸ் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி, குனிந்து மறுபக்கம் போய், கண்டி வீதியில் பஸ் எடுக்கிறதற்கு அவள் விறுவிறென்று நடந்தாள்.